ஆளுக்கொரு திருப்பு

பட்டதாரிக்கு அந்தப் பெயர் வந்ததற்குக் காரணம் அவள் பட்டம் வாங்கியது மட்டுமல்ல. சொந்தத்தில் வேறு யாரும் வாங்காததும்தான். அண்ணன் எட்டாம் வகுப்போடு பள்ளிக்கூடத்துக்கு விடுதலை கொடுத்தான். அம்மா கையெழுத்துப் போடக் கற்றுக்கொண்டதே மகளின் கல்லூரி விண்ணப்பத்தில் போடுவதற்காகத்தான். அப்பா சந்தையில் மூட்டை இறக்குகிறவர். மகள் என்ன படிக்கிறாள் என்று யாராவது கேட்டால், "வேதியியல். சொன்னா நமக்குப் புரியாது" என்று கேட்டவரையும் தன்னோடு சேர்த்து ஒரே மூட்டையாகக் கட்டிவிடுவார்.

அந்தப் புரியாத படிப்பை முடித்தவள் வருடக்கணக்கில் விண்ணப்பம் போட்டாள். மருந்துக் கம்பெனி வேண்டாம் என்றது. சோப்புக் கம்பெனி பதிலே போடவில்லை. பெயின்ட் கம்பெனி நேர்முகத்துக்கு அழைத்து, தேநீர் கொடுத்து, வழியனுப்பி வைத்தது. கல்யாணமும் ஆன பிறகு, கடைசியில் வேலை கொடுத்தது குப்பை மேடு.

"படிக்காதவங்க எல்லாம் குப்பையக் கொட்டிட்டு வீட்டுக்கு வந்துடுறாங்க. எங்க பட்டதாரி மட்டும் அங்கேயே இருக்கா" என்று மாமியார் பக்கத்து வீட்டில் போய்ச் சொன்னார். நடுச்சுவர் மெல்லியது. சொன்னது இந்த வீட்டிலும் விழுந்தது.

ஊர் காலங்காலமாகத் தின்று மிச்சம் வைத்ததும், உடுத்திக் கிழித்ததும், ஆசைப்பட்டு வாங்கி அலுத்துப்போய் எறிந்ததும் சேர்ந்து அங்கே ஒரு குன்றாக நின்றன. மேலே மண்ணைப் போட்டு மூடிப் புல் விதைத்திருந்தார்கள். தூரத்திலிருந்து பார்ப்பவருக்குப் பூங்கா என்று தோன்றும். கிட்டே வந்தால் மூக்கு அந்தக் கருத்தைத் திருத்திவிடும்.

மண்ணைப் போட்டு மூடிவிட்டால் குப்பை சும்மா கிடக்கும் என்று மூடியவர்கள் நினைத்தார்கள். கிடக்காது. காற்றுப் படாத ஆழத்தில் கோடிக்கணக்கான கிருமிகள் உட்கார்ந்து அதைத் தின்று ஏப்பம் விடுகின்றன. அந்த ஏப்பத்தில் பாதி மீத்தேன். அப்படியே வானத்துக்கு விட்டால் கரியமில வாயுவைவிடப் பல மடங்கு மோசமாகப் பூமியைச் சூடாக்கும். பிடித்து இன்ஜினில் எரித்தால் மின்சாரம். ஊரின் அஜீரணத்தில் ஊருக்கே விளக்கு எரிகிறது என்று சுருக்கமாகச் சொல்லலாம். மேலாளர் தலைமை அலுவலகத்துக்குச் சொல்லும்போது வேறு மாதிரி சொல்வார்.

குன்றெங்கும் துளையிட்டு, ஓட்டை போட்ட குழாய்களை ஆழத்துக்கு இறக்கியிருந்தார்கள். அவற்றைக் கிணறு என்பார்கள். ஒவ்வொரு கிணற்றின் தலையிலும் ஒரு வால்வு. எல்லாக் கிணறும் ஒரு பெரிய குழாயில் வந்து சேர, அடிவாரத்தில் ஒரு ப்ளோயர் வாயுவை உறிஞ்சி இன்ஜினுக்குத் தள்ளும். பட்டதாரியின் வேலை தினமும் மேடேறி, ஒவ்வொரு கிணற்றிலும் மீட்டரைச் செருகி, மீத்தேன் எவ்வளவு, ஆக்சிஜன் எவ்வளவு, சூடு எவ்வளவு என்று பார்த்து, வால்வைக் கொஞ்சம் திறப்பது அல்லது கொஞ்சம் மூடுவது. குறைவாக இழுத்தால் வாயு மண் வெடிப்பு வழியாக வானத்துக்குத் தப்பிவிடும். அதிகமாக இழுத்தால் அதே வெடிப்பு வழியாக வெளிக்காற்று உள்ளே இறங்கும். காற்றுப் பட்டால் கிருமிகள் சாகும், குப்பை உள்ளுக்குள்ளேயே புகைய ஆரம்பிக்கும். அப்படிப் புகைய ஆரம்பித்த மேட்டை அணைப்பது, கல்யாண வீட்டில் கோபித்துக்கொண்டு போன சம்பந்தியைத் திரும்ப அழைத்து வருவதைவிடக் கஷ்டம்.

அவளை எடுத்திருந்தது ஆறு மாதச் சோதனை ஓட்டத்துக்கு மட்டும்தான். அந்த ஆறு மாதமும் இன்ஜின் சராசரியாக எண்ணூறு கிலோவாட்டுக்குக் குறையாமல் கொடுத்தால் மின்சாரக் கம்பெனி நீண்ட கால ஒப்பந்தம் போடும், பட்டதாரி நிரந்தரமாவாள். கொடுக்காவிட்டால் இன்ஜினை லாரியில் ஏற்றி வேறு ஊருக்கு அனுப்பிவிட்டு, வாயுவைச் சும்மா கொளுத்திவிடுவார்கள். கொளுத்துவதற்கு வேதியியல் தேவையில்லை. அவள் வீட்டுக்குப் போகலாம்.

வீட்டில்தான் மாமியார் இருந்தார்.

மாமியார் ஆஸ்பத்திரிச் சலவைப் பிரிவில் ஆயுசில் பாதியைக் கழித்து ஓய்வு பெற்றவர். மனித உடம்பிலிருந்து வெளியே வரக்கூடிய அத்தனையையும் கொதிநீரில் போட்டு அலசி எடுத்தவர். அழுக்கைக் கண்டு அவருக்குப் பயமில்லை. அது சொந்தப் பகை. மருமகள் வேலை முடிந்து வந்து உட்கார்ந்த நாற்காலியை, அவள் எழுந்ததும் மருந்து ஊற்றித் துடைப்பார். சில நாள் எழுவதற்கு முன்பே ஆரம்பித்துவிடுவார்.

"அத்தை, நான் குளிச்சிட்டுதான் உக்காந்தேன்."

"குளிச்சது நீ. நாற்காலி குளிக்கலையே."

கணவர் லிஃப்ட் மெக்கானிக். வேலையிலும் சரி, வீட்டிலும் சரி, இரண்டு மாடிக்கு நடுவே மாட்டிக்கொண்டு யாராவது வந்து கதவைத் திறக்கட்டும் என்று அமைதியாக இருக்கப் பழகியவர்.

கிணறுகளுக்கு முதலில் எண்தான் இருந்தது. சிக்கல் என்னவென்றால் இரண்டு எண் இருந்தது. துளை போட்ட கம்பெனி ஒரு வரிசையில் எண் போட்டது. பின்னால் வந்த ஆலோசகர் அது முறையாக இல்லை என்று வேறு வரிசையில் போட்டார். பழையதை அழிக்கச் சொன்னபோது, அழிப்பது தன் வேலையில் வராது என்று கிளம்பிப் போய்விட்டார். ஏழாம் கிணற்றை மூடு என்றால் எந்த ஏழு என்று கேட்க வேண்டியிருந்தது. ஒரு தடவை டீசல் இன்னொரு ஏழாம் கிணற்றை மூடிவிட்டு, இன்ஜின் ஏன் இருமுகிறது என்று பாதி நாள் அதன் வயிற்றைத் திறந்து தேடினார்.

டீசல் என்பது இன்ஜினைப் பார்த்துக்கொள்பவர். படகுகளில் டீசல் இன்ஜின் ஓட்டிப் பழகியதால் வந்த பெயர். குப்பை வாயுவில் ஓடுவதை அவர் இன்ஜின் என்றே முழு மனதாக ஒப்புக்கொள்ளவில்லை. ஊர்க்காரர்கள் தலைக்கும் முகத்துக்கும் பூசி எறிந்த ஷாம்பூவும் கிரீமும் வாயுவோடு வந்து, எரிந்து, உள்ளே வெள்ளை மாவாகப் படியும். அதைச் சுரண்டிக்கொண்டே, "ஊருக்கெல்லாம் முடி பளபளன்னு இருக்கு. என் இன்ஜினுக்குத்தான் நரைக்குது" என்பார். அவர் தலையில் நரைப்பதற்கு ஒன்றும் மிச்சமில்லை.

"எண்ண விட்டுட்டு பேர் வெச்சிடலாம் அண்ணே" என்றாள் பட்டதாரி.

"நடிகைங்க பேரு வெப்போம் தங்கச்சி. மறக்காது."

"உங்களுக்கு மறக்காது. எனக்கு மறந்துடும்."

"சரி, உனக்கு எந்தப் பேரு மறக்காது?"

யோசித்தாள். தூக்கத்தில் எழுப்பிக் கேட்டாலும் வரிசையாக, வயதுப்படி, யாருக்கு யாரோடு பேச்சுவார்த்தை இல்லை என்பது உட்பட அவளுக்குத் தெரிந்திருந்த ஒரே பட்டியல் புகுந்த வீட்டு உறவுதான். அதை வைத்தே மேட்டில் பாதியை முடித்தாள். மிச்சத்துக்குப் பிறந்த வீடு. படகுகளுக்குப் பெயர் எழுதிய கை என்பதால் டீசல் அழகாக, உருண்டையாக, மஞ்சள் பெயின்டில் ஒவ்வொன்றிலும் எழுதினார்.

பொருத்தம் பார்த்து வைத்த பெயர்கள்தான். குழாயில் தண்ணீர் தேங்கிக் களகளவென்று சத்தம் மட்டும் போட்டு, உருப்படியாக எதுவும் தராத கிணறு சின்ன மாமனார். நன்றாகத் தந்துகொண்டே இருந்து, லேசாகத் தொட்டால் இரண்டு நாள் முகத்தைத் திருப்பிக்கொள்வது நாத்தனார். தன்னிடம் இருப்பதை வைத்துக்கொண்டு பக்கத்துக் கிணற்றிலிருந்து இழுப்பது ஓரகத்தி. புதுக் குப்பையின் நடுவே, ஈரமும் சூடுமாக, மொத்த வாயுவில் கால்வாசியைத் தனியாகத் தந்துகொண்டு, மீட்டரைச் செருகினால் உஸ்ஸென்று சீறுவது மாமியார்.

மேட்டின் பழைய மூலையில், வடிகாலுக்கு அப்பால் ஒன்று இருந்தது. முதல் நாள் மீட்டரில் தயங்கித் தயங்கிக் கொஞ்சம் காட்டியது. அதற்கு அப்பா என்று வைத்தாள். அவளுடைய அப்பாவும் அப்படித்தான். எதைக் கேட்டாலும் "போதும்மா" என்பதோடு பேச்சு முடிந்துவிடும். பாவம், இதைப் போய் இழுப்பானேன் என்று அந்த வால்வை விரல் நுழையும் அளவுக்கு மட்டும் திறந்து வைத்தாள். அதற்குப் பிறகு அதில் மீட்டரைக்கூடச் செருகவில்லை.

பெயர் வந்ததும் வேலை சுலபமாயிற்று. எந்தக் கிணறு என்று யாரும் யாரையும் கேட்க வேண்டியிருக்கவில்லை.

நாற்காலி துடைத்த மறுநாள் அவள் மாமியார் கிணற்றின் முன் நின்றாள். எல்லாம் சரியாகத்தான் இருக்கிறது என்றது மீட்டர். இன்னும் கொஞ்சம் தரும் என்று அவளுக்குத் தோன்றியது. வால்வை ஒரு திருப்பு திறந்தாள். கைக்கு இதமாக இருந்தது. அடுத்த வாரம் குழம்பில் உப்பைப் பற்றி ஒரு பேச்சு, இன்னொரு திருப்பு. அப்புறம், படித்த பெண்கள் துணி மடிக்கும் லட்சணத்தைப் பற்றி ஒன்று. இன்ஜின் சந்தோஷமாக உறுமியது. மின்சார அளவு காட்டும் பலகையில் எண்ணூறைத் தாண்டி எண்கள் ஓடின. மேலாளர் பிஸ்கட் வாங்கிக் கொடுத்தார். இப்படியே போனால் நிரந்தரம்தான் என்று மூன்று பேரும் நம்பினார்கள்.

நாலாவது மாதத்தில் மாமியாரில் ஆக்சிஜன் தலைகாட்டியது. தலைகாட்டியதும் மூட வேண்டும். பட்டதாரிக்கு இது முதல் வாரப் பாடம். ஆனால் அன்று வாயு குறைந்திருந்தது, பலகையில் எண் இறங்கியிருந்தது, வீட்டில் காலையிலேயே ஒரு சுற்று முடிந்திருந்தது. இன்னும் கொஞ்சம் இழுத்துப் பார்ப்போம் என்று இழுத்தாள். இரண்டு நாள் கழித்துப் புத்தி வந்து, இரண்டு திருப்பு மூடிவிட்டு வந்தாள்.

மறுநாள் போனால் வால்வு பழையபடி திறந்திருந்தது. மறுபடி மூடினாள். மறுபடி திறந்திருந்தது. கிணற்றைச் சுற்றி மண் லேசாக உள்வாங்கி வெடித்திருந்தது; குனிந்தால் பிளாஸ்டிக் கருகும் வாடை. சூடு எழுபது டிகிரியைத் தொட்டிருந்தது. அறுபதைத் தாண்டினாலே ஆபத்து. அவள் மீட்டரைப் பையில் போடுவதற்குள் அடிவாரத்தில் இன்ஜின் ஒரு முறை கமறி நின்றுவிட்டது. மீத்தேன் போதவில்லை. மேடு முழுக்க அமைதி.

கன்டெய்னரை வெட்டி ஜன்னல் வைத்ததுதான் அலுவலகம். மூன்று பேரும் அதற்குள் நின்றார்கள்.

"யார் அண்ணே திறக்குறது?" என்றாள் பட்டதாரி. "நான் மூடிட்டுப் போறேன். மறுநாள் வந்தா திறந்து கிடக்கு."

டீசல் துணியால் கையைத் துடைத்தார். கை ஏற்கெனவே சுத்தமாகத்தான் இருந்தது.

"சாயந்தரம் அந்தப் பக்கமா போவேன் தங்கச்சி. பேர பாத்ததும் கை சும்மா இருக்க மாட்டேங்குது."

"என் மாமியார் உங்களுக்கு என்ன அண்ணே பண்ணாங்க?"

"உன் மாமியாரா? வெறும் மாமியார்னுதானே எழுதியிருக்கேன்." துணியை மடித்தார். "ஒரு வாரம் இருந்துட்டுப் போறேன்னு வந்தாங்க. அப்போ என் பெரியவ தொட்டில்ல கிடந்தா. இப்போ அவளுக்கு மாப்பிள்ளை பாக்குறோம். அந்த ஒரு வாரம் இன்னும் முடியல."

"எவ்வளவு திருப்புவீங்க?"

"ஒண்ணுதான். என் சம்பளத்தப் பத்திப் பேசின நாள்ல ரெண்டு."

பட்டதாரி மனதுக்குள் கூட்டிப் பார்த்தாள். தன்னுடையதையும் அவருடையதையும் சேர்த்தாலும் வால்வு அவ்வளவு தூரம் போகாது. இரண்டு பேரும் ஒரே நேரத்தில் மேலாளர் பக்கம் திரும்பினார்கள். மேலாளர் சுவரில் இருந்த முதலுதவிப் பெட்டியை, அதை வாங்கி மாட்டிய நாளிலிருந்து முதல் தடவையாக, உன்னிப்பாகப் பார்த்துக்கொண்டிருந்தார்.

"சார்?"

"நான் மேலாளர்மா. வால்வெல்லாம் நான் தொடுறதில்ல."

"சார்."

"வீடு அவங்க பேர்ல இருக்கு" என்றார் மேலாளர் பெட்டியிடம். "ஒரு ஆணி அடிக்கணும்னாகூட மாடிக்குப் போய்க் கேட்டுட்டு வரணும்."

வெளியே ஒரு காகம் மட்டும் கருத்துச் சொன்னது.

"எத்தன திருப்பு சார்?"

"மேட்ட சுத்திப் பாக்கப் போறப்ப எல்லாம். எண்ணல."

சிரிப்பதா, தலையில் அடித்துக்கொள்வதா என்று பட்டதாரிக்குத் தெரியவில்லை. மற்ற இரண்டு பேரும் மீட்டரைப் படிக்கத் தெரியாமல் திருப்பினார்கள். அவள் படித்துவிட்டுத் திருப்பினாள். வீட்டில் முதல் பட்டம், தெருவில் முதல் பட்டம், அத்தனை பேர் வயிற்றைக் கட்டிப் படிக்க வைத்த படிப்பு. அது மூளையில் பத்திரமாக இருந்தது, ஒன்றும் குறையவில்லை. கைக்கு மட்டும் இறங்கவில்லை. அவள் படித்த எந்தப் புத்தகத்திலும் இந்த வினைக்குச் சமன்பாடு கிடையாது.

மாமியாரை முழுதாக மூடினார்கள். களிமண்ணைக் குழைத்து வெடிப்புகளை அடைத்தார்கள். மேலாளரும் சட்டைக் கையை மடித்துக்கொண்டு மண் சுமந்தார். யாரும் சொல்லாமலே சுமந்தார் என்பதைக் குறிப்பிட வேண்டும். உள்ளே சூடு இறங்கும்வரை அந்தக் கிணற்றைத் தொடக் கூடாது. அதற்கு வாரக்கணக்கில் ஆகும். இன்ஜின் அறுநூறில் ஓடியது. சராசரி தினமும் கொஞ்சம் கொஞ்சமாகக் கரைந்தது.

பேரைப் பார்த்து ஒரு கிணற்றை அதிகமாக இழுத்தோம் என்றால், எந்தக் கிணற்றைப் பேரைப் பார்த்து இழுக்காமல் விட்டோம்? ஐந்தாவது மாத ஆரம்பத்தில், களிமண் சட்டியைக் கழுவிக்கொண்டிருந்தபோதுதான் இந்தக் கேள்வி அவளுக்கு வந்தது. சட்டியை அப்படியே போட்டுவிட்டு வடிகாலைத் தாண்டி ஓடினாள்.

அப்பாவைச் சுற்றிப் புல் கருகி மஞ்சளாகக் கிடந்தது. இத்தனை நாளும் அதைப் பார்த்தபோதெல்லாம், மூலையில் கிடப்பதால் தண்ணீர் பாயவில்லை என்று இரக்கப்பட்டிருந்தாள். வேரடியில் வாயு கசிந்தால் புல் இப்படித்தான் சாகும் என்று அவளுக்குத் தெரியும். தெரிந்த விஷயம் அப்பாவுக்குப் பொருந்தும் என்று தோன்றாமல் போயிற்று. மீட்டரைச் செருகினாள். மீத்தேன் ஐம்பத்தெட்டு சதவீதம். மேட்டிலேயே அதுதான் அதிகம். ஆக்சிஜன் துளிகூட இல்லை. முதல் நாள் பார்த்த கொஞ்சத்தை வைத்து அவள் முடிவுகட்டி, மரியாதையாக ஒதுக்கி வைத்த கிணறு, நாலு மாதமாக அத்தனை வாயுவையும் மண் வழியாக வானத்துக்கு அனுப்பிக்கொண்டிருந்தது. பூமி சூடாவதற்கு அவள் பாசத்தால் செய்த பங்கு இது.

திறந்தாள். கொஞ்சம் பொறுத்து மீட்டரைப் பார்த்தாள். இன்னும் கொஞ்சம் திறந்தாள். அடிவாரத்தில் இன்ஜினின் குரல் கனத்தது. மனசு தாங்காமல் சந்தைக்கு போன் போட்டாள்.

"அப்பா, உங்க கிணறு சூப்பரா குடுக்குதுப்பா."

"எனக்கு ஏதும்மா கிணறு?" அந்தப் பக்கம் யாரோ மூட்டையை வைக்கும் சத்தம். "சாப்ட்டியா?"

"சாப்ட்டேன்பா."

"சரி, போதும்மா. வேலையப் பாரு" என்று வைத்துவிட்டார்.

அன்றே அவள் ஒரு கட்டுச் சாக்குப் பை வாங்கி வந்து, எல்லாக் கிணற்றின் பெயரையும் மூடிக் கட்டினாள். டீசலைக் கூட வைத்துக்கொண்டு, பெயரைப் பார்க்காமல், மீட்டர் சொல்வதை மட்டும் கேட்டு முதலிலிருந்து திருத்திக்கொண்டு போனாள்.

"இது யாரு தங்கச்சி?"

"யாரா இருந்தா என்ன அண்ணே. மூணு பங்கு திறந்திருக்கு, ரெண்டு போதும்."

"யாருன்னு தெரியாம மூடுறது கஷ்டமா இருக்கு."

நல்லது மட்டும் செய்யும் என்று நம்பியிருந்த சில கிணறுகள் காற்றைக் குடித்துக்கொண்டிருந்தன. கரித்துக் கொட்டிய சில கிணறுகள் ஒழுங்காக இருந்தன. சின்ன மாமனாரின் வயிற்றில் தேங்கிய தண்ணீரைப் பம்ப் வைத்து இறைத்ததும் அவர்கூடத் தர ஆரம்பித்தார். அவரை யாரும் அதுவரை அந்த அளவுக்குப் பொருட்படுத்தியதில்லை. இன்ஜின் எண்ணூறுக்கு ஏறியது, அதையும் தாண்டியது. ஆனால் சராசரி என்பது பழைய கணக்கை மறக்காத சாமானாயிற்றே. கடைசி வாரத்தில் எழுநூற்றுத் தொண்ணூற்றுச் சொச்சத்தில் நின்றுகொண்டு, மேலே வர மாட்டேன் என்றது.

அந்த வாரம் கணவர் அவளை அழைத்துப் போக பைக்கில் வந்தார். டீசல் அவரைப் பிடித்துக் கதை முழுவதையும் சொல்லிவிட்டார். சொல்லும்போது டீசலின் கண்ணில் நீர் வரச் சிரிப்பு. கணவருக்கும் சிரிப்பு. சாப்பாட்டு மேசையிலும் அந்தச் சிரிப்பு அடங்கவில்லை.

"அம்மா, உன் பேர்ல அங்க ஒரு கிணறு இருக்கு."

மாமியாரின் கை தட்டில் நின்றது. பட்டதாரி கணவரைப் பார்த்த பார்வையில் அவர் சிரிப்பு லிஃப்ட்போல நடுவில் நின்றது.

"என் பேர்லயா?"

"பேர் இல்லம்மா. மாமியார்னு போட்டிருக்கு."

"அப்போ நான்தான்." மருமகள் பக்கம் திரும்பினார். "எவ்வளவு கரண்டு குடுக்குது?"

இந்தக் கேள்வியை அவள் எதிர்பார்க்கவில்லை. "நல்லா இருந்தப்போ மொத்தத்துல கால்வாசி, அத்தை."

"எத்தன வீட்டுக்கு வரும்?"

"ஒரு இருநூறு வீட்டுக்கு."

"இருநூறு வீடு." மாமியார் நாற்காலியில் சாய்ந்தார். "கேட்டியாடா? உங்கப்பா இருந்தவரைக்கும் ஒரு பல்பு மாத்தினதில்ல."

"இப்போ மூடி வெச்சிருக்கோம் அத்தை."

"மூடியா? ஏன்?"

"உள்ள சூடு ஏறிடுச்சு. ரொம்ப இழுத்துட்டோம்."

"யாரு இழுத்தது?"

"நான்தான் அத்தை. அப்புறம் எல்லாரும்."

மாமியார் ஒரு கவளத்தை நிதானமாக மென்று விழுங்கினார். "ஆஸ்பத்திரிலயும் அப்படித்தான். நல்லா ஓடுற மெஷின்லதான் எல்லாரும் கொண்டுவந்து திணிப்பாங்க. அது ரிப்பேரானதும் மெஷின் சரியில்லம்பாங்க." கொஞ்சம் பொறுத்து, "இப்போ யார வெச்சு ஓட்டுறீங்க?"

"அப்பாவ."

"உங்கப்பாவையா? அந்த மனுஷன் நாலு வார்த்த பேசினாலே அஞ்சாவதுக்கு மூச்சு வாங்குவாரு."

"அவருதான் இப்போ அதிகம் குடுக்குறாரு."

இது மாமியாருக்குப் பிடிக்கவில்லை என்பது முகத்தில் தெரிந்தது. "அப்பவும் போதலையாமே? வேலை போயிடுமாமே?"

"கொஞ்சம் குறையுது."

"என்னத் திறந்தா சரியாப் போகுமா?"

"சரியாப் போகும். ஆனா சூடு இன்னும் முழுசா இறங்கல. இப்போ திறந்தா உள்ள பத்திக்கலாம். பத்திக்கிட்டா மாசக்கணக்குல புகை. இந்தத் தெருவுல ஒருத்தர் ஜன்னல் திறக்க முடியாது."

மாமியார் தட்டை எடுத்துக்கொண்டு எழுந்தார். அன்று நாற்காலியைத் துடைத்தாரா என்றால், துடைத்தார்.

கடைசிக்கு நாலு நாள் இருக்கும்போது மேலாளர் மேடேறி வந்தார். சாக்குப் பை மூடிய எல்லாக் கிணறும் ஒன்றுபோல் இருந்தாலும் மாமியார் எது என்று மட்டும் மூன்று பேருக்கும் தெரியும். நேராக அதன் முன்னால் வந்து நின்றார்.

"நாலே நாள்மா. முழுசா திறந்தா போதும். சராசரி தாண்டிடும். அஞ்சாம் நாள் மூடிக்கலாம்."

"அம்பத்தொன்பது காட்டுது சார்."

"அறுபதுக்குக் கீழதானே?"

"இறங்கிட்டு இருக்கு சார். இறங்கி முடிக்கல."

"எனக்காகச் சொல்லல. உன் வேலைக்காகத்தான் சொல்றேன். என்னை வேற எங்கயாவது போடுவாங்க. உன்ன?"

அவர் சொன்னது உண்மை. பட்டதாரி வால்வின் மேல் கையை வைத்தாள். வெயிலில் சூடேறிய இரும்பு. ஒரு திருப்பில் நிரந்தரம். அந்த வேலையை வீட்டில், தெருவில், பெயின்ட் கம்பெனி வாசலில்கூடப் போய்ச் சொல்லலாம். இந்த மேட்டில் இதுவரை அவள் தெரியாமல் எதையும் திருப்பியதில்லை. தெரிந்தேதான் எல்லாவற்றையும் திருப்பினாள். அந்த எண்ணம் வந்ததும் கை தானாகக் கீழே இறங்கியது.

"வேணாம் சார்."

"யோசிச்சுக்கோ."

"யோசிச்சா திறந்துடுவேன் சார். நீங்க கீழ போங்க."

மின்சாரக் கம்பெனியின் ஆய்வாளர் வந்த அன்று சராசரி எழுநூற்றுத் தொண்ணூற்றாறில் முடிந்திருந்தது. ஆய்வாளர் அதிகம் பேசாத பெண்மணி. கண்ணாடியை நெற்றிக்கு ஏற்றிக்கொண்டு வரைபடத்தைப் பார்த்தார்.

"இருக்கறதுலயே பெரிய கிணறு, ரெண்டு மாசமா மூடியிருக்கு. ஏன்?"

"வழக்கமான பராமரிப்பு மேடம்" என்றார் மேலாளர்.

"இல்ல மேடம்" என்றாள் பட்டதாரி. "அளவுக்கு மீறி இழுத்துட்டோம். காத்து இறங்கி சூடேறிடுச்சு. திறந்திருந்தா இன்னிக்கு எண்ணூறு வந்திருக்கும். உள்ள பத்திக்கும்னு திறக்கல."

"யாரு இழுத்தது?"

"மூணு பேரும். ஒருத்தருக்குத் தெரியாம ஒருத்தர்."

"மூணு பேருமா? எதுக்கு?"

மேலாளர் முதலுதவிப் பெட்டியைத் தேடினார். டீசல் வெளியே போய் ஒரு சாக்குப் பையை அவிழ்த்துக் காட்டினார். ஆய்வாளர் அதைப் படித்தார். முகத்தில் ஒரு கோடு அசையவில்லை. உள்ளே வந்து, கண்ணாடியை இறக்கிக்கொண்டு, வெகுநேரம் எழுதினார்.

ஒப்பந்தம் இல்லை. கடைசி மாதத்து ஏற்றத்தைப் பார்த்து, சோதனை ஓட்டத்தை இன்னும் மூன்று மாதம் நீட்டினார். நிபந்தனை ஒன்று: எல்லா வால்வுக்கும் பூட்டு, சாவி ஒரே ஆளிடம், அந்த ஆள் மேலாளராக இருக்கக் கூடாது.

இரண்டு கை நிறையச் சாவிக்கொத்தோடு பட்டதாரி வீட்டுக்கு வந்தாள். மாமியார் கதவைத் திறந்து முதலில் முகத்தைப் பார்த்தார், அப்புறம் சாவியைப் பார்த்தார்.

"கிடைச்சுதா?"

"இல்ல அத்தை. நாலு கிலோவாட் குறைஞ்சு போச்சு. இன்னும் மூணு மாசம் பாக்குறாங்களாம்."

"மூணு மாசமா." மாமியார் வழிவிட்டார். "என் தம்பி வேலை பாத்த அழகுக்கு எவனும் மூணு நாள்கூட வெச்சிக்கல. போய்க் குளி." நாலு எட்டு போனதும் பின்னாலிருந்து குரல் வந்தது. "அந்தச் சாவியில என் கிணத்துச் சாவியும் இருக்கா?"

"இருக்கு."

"யார்கிட்டயும் குடுக்காத. முக்கியமா அந்த இன்ஜின்காரன்கிட்ட."

"அவர உங்களுக்குத் தெரியுமா அத்தை?"

"அவன யாருக்குத் தெரியும். அவன் மாமியார் என்கூட ஆஸ்பத்திரில வேலை பாத்தவ. தங்கமான பொம்பள. ஒரு வாரத்துக்குன்னு போனவள அனுப்பவே மாட்டேங்குறானாம், சமையலுக்கும் குழந்தைங்களுக்கும் ஆள் வேணும்னு. அவளுக்கும் அங்க ஒரு கிணறு ஒதுக்கச் சொல்லு."